ஏழாம் தொட்டியின் மூன்று கேள்விகள்

தூத்துக்குடிப் பவளக் காப்பகத்தின் ஏழாம் தொட்டியில் ஒன்பது நாள்களில் எட்டு முறை நீரோட்டம் தானாக நின்றது. பத்தாம் நாள் காலையில் என்னை அனுப்பினார்கள். பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. மற்றவர்கள் பார்த்துத் தீராத பழுதுகளுக்கு என்னை அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். என் பெயர் பிரமநாயகம். கடல்நீர்த் தொட்டிகளின் சுத்திகரிப்பில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். நீர் கெட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதிலும், அதை என்னால் கண்டுபிடிக்க இயலும் என்பதிலும் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்து மடிந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சிய மான்கொம்புப் பவளத்தின் நாற்பத்திரண்டு துண்டுகள் அந்த ஏழாம் தொட்டியில் வளர்கின்றன. கடல் மீண்டும் அவற்றை ஏற்கும் நிலைக்கு வரும்போது திருப்பி நடுவது திட்டம். அதுவரை அவற்றுக்கு நாங்கள் தரும் நீர்தான் கடல்.

காப்பக மேலாளர் தவசிக்கனி வாயிலிலேயே நின்றிருந்தார். முன்பு இறால் குஞ்சுப் பண்ணையில் இருந்தவர். பருத்த உடல், வேகமான நடை.

"வாங்க சார். காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாமா, பாத்துட்டுக் குடிக்கலாமா?"

"பார்த்த பின்னர் அருந்தலாம். தங்கள் அன்புக்கு நன்றி."

அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ரேடியோவுல செய்தி வாசிச்சிருக்கீங்களா சார்?"

"இல்லை. படித்த பள்ளி அப்படி."

"நல்லதுதான். எங்க வாத்தியாருக்கு உங்கள மாதிரி ஆளுதான் சரி. நேத்தும் கேள்வியக் கேட்டுட்டு நின்னுட்டாரு."

வாத்தியார் என்று அவர் குறிப்பிட்டது அறிசவ்வை. வாசகர்களுக்கு இதைச் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன். பழைய வடிகட்டிகள் அழுக்கைத் தடுத்தன. அந்த அழுக்கு இன்னதென்று அவற்றுக்குத் தெரியாது. அறிசவ்வுக்குத் தெரியும். நீரில் வரும் ஒவ்வொரு பொருளையும் அதன் உணரி இனங்காணும். தெரிந்த பொருளாயின் பிரித்தெடுத்துவிட்டு நீரை விடும். தெரியாத பொருள் வந்தால், பவளங்களுக்குக் கேடு நேரக்கூடாது என்பதற்காக நீரோட்டத்தை நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டுத் திரையில் மூன்று கேள்விகளைக் கேட்கும். பொருள் எது? எங்கிருந்து வந்தது? இனி வருமா? இம்மூன்றுக்கும் ஒரு பொறியாளர் விடை எழுதிக் கையொப்பமிட வேண்டும். விடை எழுதாமலே பத்து முறை நின்றால் தொட்டிக்கு முத்திரை விழும். தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்து பணியாளர் அனைவரின் இரத்தத்தையும் உமிழ்நீரையும் எடுத்துக்கொண்டு போகும்.

"எட்டு நின்னாச்சு," என்றார் தவசிக்கனி. "இன்னும் ரெண்டுதான் மிச்சம். நிக்க நேரத்தப் பாருங்க. முகூர்த்தம் வச்ச மாதிரி."

பதிவேட்டைப் பார்த்தேன். நாள்தோறும் காலை பத்து நாற்பது. சனிக்கிழமை மட்டும் பிற்பகல் இரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை நிற்கவேயில்லை.

"சனிக்கிழமை என்ன நிகழ்ந்தது?"

"காலையில கரண்டு இல்ல. எல்லா வேலையும் மத்தியானத்துக்குப் போச்சு."

ஞாயிறன்று ஓய்வெடுத்து, மின்தடையன்று தாமதமாக வரும் அழுக்கு குழாயிலிருந்தோ உப்பு மூட்டையிலிருந்தோ வருவதில்லை. அது மனிதரோடு வருகிறது. ஆயினும் ஒழுங்கை மீறாமல் எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தேன். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, உப்புக் கலவை, நுரை பிரிக்கும் ஸ்கிம்மர், அதன் காற்றுக்குழாய் ஆகிய யாவும் குற்றமற்று இருந்தன. இருபது நாள்களுக்கு முன்னர்தான் நிறுவனம் தன் முப்பத்தொரு காப்பகங்களுக்கும் புதிய வகை உணரிகளைப் பகுதி பகுதியாக மாற்றத் தொடங்கியிருந்தது. இங்கே மாற்றிப் பத்து நாள். பழைய உணரியைவிட நூறு மடங்கு நுட்பமானது. அதைத்தான் முதலில் ஐயுற்று, வெகு பொறுமையாகச் சோதித்தேன். எவ்விதக் குறையும் இல்லை. அவ்வளவு துல்லியமான கருவியை நான் அதற்குமுன் கையாண்டதில்லை.

பத்தரை மணிக்குத் தொட்டியின் விளிம்பில் இரண்டு பெண்கள் வந்து நின்றனர். ஒருவர் நீர்மூழ்கும் உடையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும், அகன்ற தோள்கள். அவர் பெயர் சலேத். மற்றவர் மெலிந்தவர், சற்று இளையவர், கையில் கயிற்றுச் சுருள். அவர் கித்தேரி, சலேத்தின் கணவருடைய தங்கை. பாசி படிந்த கிளைகளைத் துலக்குவது, உடைந்த துண்டுகளைப் பசையிட்டு ஒட்டுவது போன்ற வேலைகளை எந்திரக் கைகளிடம் ஒப்படைக்க முடியாது. சங்கு குளித்த குடும்பங்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் இறங்குவார், ஒருவர் மேலிருந்து கயிறு பிடிப்பார். அவர்களுடைய பேச்சில் இறங்குவதற்குக் குளிப்பது என்று பெயர்.

"சார்தான் வாத்தியாருக்கு வாத்தியாரா?" என்றார் சலேத்.

"பழுது பார்க்க வந்திருக்கிறேன். தங்கள் பணிக்கு இடையூறு செய்ய மாட்டேன்."

"ஏட்டி கித்தேரி, கேட்டியா? 'தங்கள் பணி'யாம். உங்கண்ணன் ஒரு நாளாவது இப்படிச் சொல்லிருப்பாரா?"

"அண்ணனுக்குப் பணின்னா ஜலதோஷம்னு நினைப்பு மைனி," என்றார் கித்தேரி.

நான் கருவி அறைக்குப் போய்த் திரையின் முன் அமர்ந்தேன். சலேத் இறங்கிய இரண்டாம் நிமிடத்தில், பத்து நாற்பதுக்கு, மோட்டார் ஒலி அடங்கியது. மூன்று கேள்விகளும் திரையில் வந்தன. ஒன்பதாம் முறை. நாற்பது நிமிடமும் தொட்டியின் கண்ணாடி வழியே பவளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைகளில் விரிந்திருந்த சின்னஞ்சிறு கைகள் ஒவ்வொன்றாக உள்ளே சுருங்கின. நுனிகளில் வெண்மை சுண்ணாம்புபோல் ஏறியிருந்தது. ஒரு வாரம் இப்படி நீடித்தால் அவை மீளமாட்டா.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்குள் விடை காண வேண்டும். அது எனக்குக் கடினமாகத் தோன்றவில்லை. ஆறு வாளிகளில் தூய உப்புநீர் நிரப்பச் சொன்னேன். சலேத்தின் உடை, கையுறை, காலில் அணியும் துடுப்பு, கயிறு, காற்றுக்குழாயின் வாய்ப்பகுதி, முகக்கண்ணாடி ஆகியவற்றைத் தனித்தனியே ஊறவைத்து, உணரியின் கைக்கருவியால் ஒவ்வொன்றையும் அளந்தேன்.

தவசிக்கனி அருகில் நின்று பார்த்தார். "துணி ஊற வைக்க மாதிரிதான் இருக்கு சார். இதுக்கா சென்னையிலேருந்து ஆளு?"

"துணி ஊறவைக்கவும் சிலருக்குத்தான் தெரியும்."

ஐந்து வாளிகளில் ஒன்றுமில்லை. ஆறாவது வாளியில் கைக்கருவி சிவந்தது. கண்ணாடி.

அதன் காரணத்தை உடனே விளங்கிக்கொண்டேன். நீரில் இறங்கும் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உட்புறம் எச்சில் உமிழ்ந்து தேய்த்து, தொட்டி நீரிலேயே அலசி அணிவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரு துளி உமிழ்நீர் போதும். பழைய உணரி அதைப் பொருட்படுத்தியிராது. புதியது அதற்குள் கலந்திருந்த ஒரு பொருளைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறது. பொருளின் எடையையும் வடிவையும் மருந்துப் பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டு நிமிடத்தில் முதற்கேள்விக்கு விடை கிடைத்தது. அது வலிப்புநோய்க்குத் தரும் மாத்திரை.

மகிழ்ச்சியடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடை கிடைக்கும்போதெல்லாம் அடைவதுதான்.

பிற்பகலில் பெண்கள் இருவரும் தொட்டிக்குப் பின்னால் உணவருந்திக்கொண்டிருந்தனர். தவசிக்கனியை அலுவலகத்தில் இருக்கும்படி கேட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன்.

"சாப்பிடுதீங்களா சார்? சாளைக் குழம்பு," என்றார் கித்தேரி.

"மிக்க நன்றி. உணவு முடிந்தது. சலேத் அம்மா, ஒன்று கேட்க அனுமதி வேண்டும். நீங்கள் ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?"

"நானா? எனக்கு என்ன சார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். மருந்து மாத்திரை எல்லாம் எம் புருசனுக்குத்தான். என்கூட இருக்காருல்லா, பாவம்."

"உங்கள் கண்ணாடியில் ஒரு மாத்திரையின் தடம் இருக்கிறது. வலிப்புநோய்க்கான மாத்திரை."

சலேத் பிசைந்த சோற்றை உண்ணாமல் தட்டிலேயே வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"அந்த எந்திரம் அதக்கூடக் காட்டுமா?"

"இன்று காலை நீங்கள் அருந்தியது காப்பியா தேநீரா என்பதையும் காட்டும். அவை அதற்குத் தெரிந்த பொருள்களின் பட்டியலில் உள்ளவை. ஆதலால் கேள்வி கேட்பதில்லை."

"சரி. என்னோடதுதான். எழுதிக்கிடுங்க," என்றார் சலேத்.

"எழுதினால் என்னவாகும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு ஆறு விடைகள்தாம் உண்டு. நகர்நீர், உப்பு, குழாய், உயிரினம், மனிதர், உணரி. மனிதர் என்று குறித்தால் பணியாளர் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்த மறுகணம் நுழைவு அட்டை செயலிழக்கும். இங்கு மட்டுமன்று, முப்பத்தொரு காப்பகங்களிலும்."

"தெரியும் சார். கீழ வைப்பாறு காப்பகத்துல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. எம் பேரையே போடுங்க. எனக்கு வேற வேலை கிடைக்கும்."

"மைனி, சும்மா இரிங்க," என்றார் கித்தேரி.

"நீ வாயப் பொத்து."

"நான் ஏன் பொத்தணும்? சார், அவ கண்ணாடியில துப்புனது அவ இல்ல. நான்."

நான் அவரைப் பார்த்தேன். கண்ணாடியை அணிபவரே அதில் உமிழ்வார் என்பதைத் தவிர வேறொன்றை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. உலகெங்கும் உள்ள வழக்கம் என்று சற்றுமுன் எழுதினேன் அல்லவா? இந்தக் கரையில் அவ்வாறு இல்லை.

"எங்கள்ல குளிக்கிறவ கண்ணாடியில அவளே துப்பக் கூடாது சார்," என்று கித்தேரி விளக்கினார். "கயிறு பிடிக்கிறவதான் துப்பித் தேச்சுக் குடுக்கணும். எங்க அம்மா எங்க அப்பாவுக்கு அப்படித்தான் குடுத்தா. கண்ணாடிய வாங்கிட்டா, 'ஒன் உசுரு எங்கிட்ட'ன்னு அர்த்தம். அத வாயால சொல்லிக்கிட மாட்டோம், துப்பிக் காட்டிருவோம்."

"சொல்லித் தொலைச்சிட்டியா? இப்ப நிம்மதியா?" என்றார் சலேத். பிறகு என் பக்கம் திரும்பினார். "பதினாலு வயசுலேருந்து இருக்கு சார் இவளுக்கு. கட்டிக் குடுத்த இடத்துலேருந்து அதுக்குத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த மாத்திரைக்கு மாறி மூணு வருசம், ஒரு தடவகூட வரல. டாக்டர் சீட்டு இருக்கு. ஆனா வேலைக்குச் சேர்க்கும்போது அந்தச் சீட்டக் காட்டுனா சேர்ப்பாங்களா?"

"சேர்க்கமாட்டார்கள்."

"கடல்ல பிடிக்க ஒண்ணுமில்ல. பாசி இல்ல, சங்கு இல்ல. இந்தக் கரையில தண்ணி வேலைன்னா உங்க கம்பெனிதான். இங்கேருந்து இவள வெளிய போட்டா, அண்ணன் வீட்டு மூலையில உக்காந்து அடுத்தது எப்ப வரும்னு நாளெண்ணிக்கிட்டு இருப்பா. அத நான் ஏழு வருசம் பாத்திருக்கேன்."

"மனிதர விட்டா எழுதுறதுக்கு இன்னும் அஞ்சு இருக்குல்லா சார், உயிரினம்னு போட்டுருங்க," என்றார் கித்தேரி. "நண்டுக்கு வலிப்புன்னு."

அவர் சிரிக்க முயன்றார். நான் சிரிக்கவில்லை. மூன்றாண்டுகளில் வராதது நாளை வரலாம். மேலே நிற்பவரின் கை தளரும் கணத்தில் கீழே இருப்பவர் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருப்பார். நிறுவனத்தின் விதி கொடியது என்பதனாலேயே அது பொருளற்றது என்று ஆகிவிடாது. இதை இயன்றவரை மென்மையாகச் சொன்னேன்.

"விதி எழுதுனவங்க ஒரு நாளாவது கயிறு பிடிச்சிருக்காங்களா?" என்று சலேத் கேட்டார்.

"இல்லை. ஆனாலும் என் கேள்விக்கு விடை வேண்டும். கித்தேரி அம்மாவின் கை விட்டுப்போனால் என்ன நிகழும்?"

"மேல இருக்கவ கீழ இருக்கவளப் பாத்துக்கிடுதான்னு நினைக்கீங்க. அது எல்லாரும் செய்யறது. எங்க ரெண்டு பேர்ல கீழ இருக்கவதான் மேல இருக்கவளப் பாத்துக்கிடுதா. நான் கயித்த ஒரு சுண்டு சுண்டுனா அவ திருப்பிச் சுண்டணும். இருபது எண்ணுறதுக்குள்ள ஒரு தடவ. பதில் வரலன்னா வேலையப் போட்டுட்டு மேல வந்துருவேன். இடுப்புல சின்னக் குப்பியில காத்து இருக்கு, கயிறு இல்லாமயே வரலாம். என் புருசன் தங்கச்சிய நம்பி நான் இறங்கல சார். என்னைய நம்பி அவ மேல நிக்கா."

சொல்லை நம்புவது என் தொழில் அன்று. மாலை நான்கு மணிக்கு மீண்டும் இறங்கும்படி சலேத்தைக் கேட்டுக்கொண்டேன். கண்ணாடியை என் முன்னிலையில் சோப்பிட்டுக் கழுவி, உலர்த்தி, எச்சிலின்றி அணியச் செய்தேன். நீரோட்டம் நிற்கவில்லை. சலேத் அடியில் பாசி துலக்கத் தொடங்கியதும், கித்தேரியின் அருகே சென்று தாழ்ந்த குரலில், "கயிற்றை விட்டுவிடுங்கள்," என்றேன்.

"சொல்லாமயா?"

"சொன்னால் அது சோதனை ஆகாது."

கித்தேரி என் முகத்தையே பார்த்தார். அவர் விரல்கள் விரிய மறுத்தன. பிறகு கண்களை மூடிக்கொண்டு கைவிட்டார். கயிறு விளிம்பில் சரிந்து நீரில் விழுந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பதினேழாம் எண்ணில் சலேத்தின் தலை மேலே வந்தது. வாய்க்குழாயைத் துப்பிவிட்டு ஏணிக்குக்கூடக் காத்திராமல் விளிம்பில் கையூன்றி ஏறி, என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கித்தேரியின் தோள்களைப் பிடித்து, முகத்தைத் திருப்பி, கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே மூச்சில்.

"எனக்கு ஒண்ணுமில்ல மைனி. சார்தான் விடச் சொன்னாரு."

சலேத் என்னை நோக்கித் திரும்பினார். அப்போது அவர் கூறியவற்றை இங்கே எழுதுவது முறையாகாது. என் பள்ளியையும், என்னைப் பெற்றவர்களையும், என் செய்தி வாசிப்பையும் பற்றியவை அவை. நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். மூன்று முறை கேட்ட பின்பே அவர் மூச்சு அமைதியடைந்தது.

நிறுவனத்தின் மற்றக் காப்பகங்களில் இதே சோதனையைச் செய்திருக்கிறேன். ஆண்டுதோறும் செய்யும் பாதுகாப்புப் பயிற்சி அது. எவரும் நாற்பது எண்ணுவதற்குள் மேலே வந்ததில்லை.

கருவி அறைக்கு வந்து அமர்ந்தேன். கித்தேரி என் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார்.

"சார், இதுக்கு முன்னால யாருக்காவது 'மனிதர்'னு எழுதிருக்கீங்களா?"

"மூன்று முறை எழுதியிருக்கிறேன்."

"அவங்க என்ன ஆனாங்க?"

நாகப்பட்டினத்தில் ஒருவர், தோலில் பூசிய களிம்பு. பழவேற்காட்டில் இருவர். அவர்களின் எண்களை எழுதினேன். அந்தப் பணிக்காக ஒரு பாராட்டுக் கடிதமும் பெற்றேன். அதன்பின் அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்பதை எவரிடமும் நான் கேட்டதில்லை.

"தெரியாது," என்றேன்.

கித்தேரி தலையசைத்தார். குறை சொல்லவில்லை. "சரி சார். என் நம்பர் இருபத்தெட்டு நாப்பத்தொண்ணு. மைனி நம்பரப் போட்டுராதீங்க, அவ சொன்னாலும்."

"ஒரு வாளி வேண்டும்," என்றேன்.

"வாளியா?"

"தொட்டியின் விளிம்பில் நிரந்தரமாக வைக்க வேண்டும். நாளையிலிருந்து கண்ணாடியில் உமிழ்ந்து தேய்த்ததும் அந்த வாளியில் அலசுங்கள். இரண்டாம் முறை புது நீரில் அலசுங்கள். தொட்டியில் அலச வேண்டாம். வழக்கம் வழக்கமாகவே இருக்கட்டும். வாளி நீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். தோட்டத்தில் ஊற்றினால் தவசிக்கனி கோபிப்பார், உப்பு."

பழுது அவ்வளவுதான். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தின் முடிவில் ஒரு நெகிழி வாளி. ஆனால் திரையில் மூன்று கேள்விகளும் விடையின்றி நின்றன. வாளியை விடையாக ஏற்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

தவசிக்கனியை அழைத்து, கிடங்கிலிருந்து அதே புதிய வகை மாற்று உணரி ஒன்றைக் கொண்டுவரச் செய்தேன். தொட்டியில் இருந்ததை நானே கழற்றினேன்.

"சார், சென்சார் நல்லாருக்குன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?" என்றார் அவர்.

"சொன்னேன்."

"இப்ப மாத்துறீங்க."

"மாற்றுகிறேன்."

நான் கழற்றிவைத்த உணரியை அவர் பார்த்தார். தொட்டி விளிம்பில் புதிதாக வந்திருந்த வாளியைப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஒருவர் தலையை மற்றவர் துண்டால் துவட்டிக்கொண்டிருந்த இரு பெண்களையும் பார்த்தார். இறால் பண்ணைக்காரர், நீரைப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடியவர்.

"காப்பி சொல்லட்டுமா சார்? காலையிலேருந்து பாக்கி இருக்கு," என்றார்.

திரையில் எழுதினேன். பொருள் எது? பொருள் எதுவுமில்லை, பொய்யான அளவீடு. எங்கிருந்து வந்தது? உணரி. இனி வருமா? வராது. கீழே என் பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டேன். என் வாழ்நாளில் நான் ஒப்பமிட்ட முதல் பொய் அது. மூன்றாம் விடையேனும் உண்மை என்பது ஓரளவு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பத்து நாற்பதுக்கு மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். சலேத் அடியில் இருந்தார். கித்தேரி விளிம்பில் இருந்தார். நானும் தவசிக்கனியும் அறையில். மூன்றாவது ஆள் யாரென்று கேட்பீர்களாயின், மோட்டார்தான். அது நிற்காமல் ஓடியது. பதினொரு மணிக்குப் பவளங்களின் கைகள் முழுவதும் விரிந்திருந்தன.

பதினொன்றரைக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. யசோதரா அம்மையார்; நிறுவனத்தின் நீர்ப்பிரிவுத் தலைவர், என் மேலதிகாரி. அறிக்கைகளின் ஒவ்வொரு சொல்லையும் படிப்பவர்.

"வணக்கம் அம்மா."

"ஏழாம் தொட்டியில உணரி பழுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆம் அம்மா."

"நீங்களே சோதிச்சீங்களா?"

"சோதித்தேன்." அதுவும் உண்மை.

"நேத்துக் காலையில ரெண்டு மணி நேரம் சோதிச்சிருக்கீங்க. கருவி தானா பதிவு அனுப்பும், மறந்துட்டீங்க போல. நூத்துக்கு நூறு வந்திருக்கு."

மறந்துதான் போயிருந்தேன். மறுமொழி சொல்ல வாயெடுத்தேன்; பணியாளர் எவரையும் சம்பந்தப்படுத்தாமல், பிழை என்னுடையது என்று சொல்லத் துணிந்திருந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் அவர். "அந்தப் பதிவ நான் அழிச்சாச்சு. புது உணரி போட ஆரம்பிச்சு இருபது நாள் ஆகுது. இதுவரைக்கும் ஒன்பது இடத்துல பழுதுன்னு அறிக்கை. ஒன்பது பேரும் எழுதியிருக்கிறது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம், 'பொய்யான அளவீடு.' எந்த உணரியிலயும் ஒரு குறையும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். ஒன்பது அறிக்கையையும் மேலிடத்துல வச்சேன். இவங்க எல்லாம் சோம்பேறிங்கன்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க."

"பத்தாவது?"

"நேத்து சாயங்காலம் வச்சேன். பேரப் பாத்தாங்க. 'பிரமநாயகமே எழுதிட்டாரா'ன்னு கேட்டாங்க. வேற ஒரு கேள்வியும் இல்ல. இன்னைக்குக் காலையில உத்தரவு வந்திடுச்சு. முப்பத்தொரு இடத்துலயும் புதுச கழட்டிட்டுப் பழைய உணரியே மாட்டப் போறாங்க."

முப்பத்தொரு காப்பகங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வாய்கள், எத்தனை மாத்திரைகள், எத்தனை கண்ணாடிகள் என்று என்னால் கணக்கிட இயலவில்லை.

"அம்மா, இதற்கு முன்னர் நான் மூன்று பேரை எழுதியிருக்கிறேன்."

"தெரியும். அதனாலதான் உங்கள நம்புனாங்க."

கண்ணாடிக்கு அப்பால் சலேத் கயிற்றை ஒரு முறை சுண்டினார். மேலிருந்து ஒரு முறை மறுமொழி போயிற்று.

"இனிமே வழக்கம்போல உள்ளதையே எழுதுங்க, பிரமநாயகம்," என்றார் யசோதரா அம்மையார். "அடுத்த தடவைக்கு அந்தப் பேரு வேணும்."

அவ்வாறே எழுதி வருகிறேன்.